கொக்கின் உச்சியும் மாமியார் வீடும்: தலைக்கவச இருவாட்சியின் வணிக வரலாறு

1349ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட சீன நூலொன்று சிங்கப்பூரின் பழைய குடியிருப்பைப் பற்றிச் சில வரிகள் கூறுகிறது. வாங் தாயுவான் என்பார் தென்கடல் நாடுகளைக் கப்பலில் சுற்றி வந்து எழுதிய ‘தாவ்யி சிலுயே’ (தீவு நாட்டார் பற்றிய சுருக்கக் குறிப்புகள்) என்பதே அந்நூல். அதில் ‘பன்சு’ என்றோர் இடம் பேசப்படுகிறது. நீரூற்றைக் குறிக்கும் ‘பஞ்சூர்’ என்னும் மலாய்ச் சொல்லே சீன நாவில் அவ்வாறு திரிந்தது என்றும், அவ்விடம் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றே என்றும் ஆய்வாளர் கொள்வர். 1984இல் ஜான் மிக்சிக் அக்குன்றில் தொடங்கிய அகழாய்வில் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தமை இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

பன்சுவின் விளைபொருள்களாக வாங் தாயுவான் மூன்றனைச் சுட்டுகிறார். உயர்தரமான ‘ஹெ திங்’, நடுத்தரமான லாக்கா நறுமண மரம், பருத்தி என்பன அவை. மாற்றாக அங்குச் சென்ற சரக்குகளில் பருத்தித் துணி, இரும்பு, பீங்கான் முதலியன அடங்கும். மூன்று விளைபொருள்களில் முதலிடம் பெற்றதும், உயர்தரம் என்னும் அடைமொழி பெற்றதும் ‘ஹெ திங்’ ஒன்றே. அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘கொக்கின் உச்சி’ என்பதாகும். ஆனால், அது கொக்கினுடையது அன்று. மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ ஆகிய நிலப்பகுதிகளின் மழைக்காட்டில் வாழும் ஒரு பெரிய இருவாட்சியின் தலைக்கவசம் அது. சிங்கப்பூரில் அப்பறவை இன்று இல்லை. அக்குன்றில் கைமாறிய கவசங்களுள் எத்தனை அத்தீவின் காட்டுக்குரியவை, எத்தனை நீரிணைக்கு அப்பாலுள்ள ஜொகூர்க் காடுகளிலிருந்து படகில் வந்தவை என்று பிரித்தறிய வழியில்லை. துறைமுகக் குடியிருப்பொன்று தன் பின்னிலத்தின் பொருளைத் தன் பொருளாக விற்பது அக்கால வழக்கமே.

இப்பறவையைப் பற்றிய வரலாற்று ஆவணங்களைத் தொடர்ந்து படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆவணங்கள் அதன் தலையை மட்டுமே அறிந்திருந்தன. எத்தனை கவசம், எந்நிறம், எவ்விலை, எதைச் செதுக்கலாம் என்பன அவற்றில் உள. அது எதை உண்டது, எங்ஙனம் குஞ்சு பொரித்தது, அத்தலை அதற்கு எதற்குப் பயன்பட்டது என்பன அவற்றில் இல்லை. இதனை ஒரு சிறு குறையாகக் கொண்டு கடந்துவிட இயலாது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஒரு வணிகத்தைத் தாங்கி நின்ற பறவை, நம் காலத்தில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அழிவின் விளிம்புக்கு வந்தது ஏன் என்னும் வினாவுக்கு வணிக ஆவணங்கள் மட்டும் விடை தரமாட்டா. அதன் உடலமைப்பையும் வாழ்க்கைப் பழக்கத்தையும் அவ்வாவணங்களோடு சேர்த்துப் படித்தாலன்றி அவ்விடை கிட்டாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர்கள் சொல்வன

தமிழில் இப்பறவைக் குடும்பத்திற்கு வழங்கும் பெயர் இருவாட்சி. இருவாய்ச்சி என்றும் வழங்குவர். அலகின் மேல் மற்றோர் அலகு கவிந்திருப்பது போன்ற தோற்றத்தால் ‘இரு வாய்’ உடையதெனக் கருதி இப்பெயர் அமைந்ததென்பர். தமிழகத்திலும் அதன் மேற்கு மலைத்தொடரிலும் நான்கு வகை இருவாட்சிகள் உள்ளன. மலேசியாவிலோ பத்து வகைகள் உள்ளன. இங்குப் பேசப்படும் வகை தமிழகத்தில் இல்லாதது. ஆகவே தமிழில் அதற்கெனத் தனிப்பெயரும் வேரூன்றவில்லை. தலைக்கவச இருவாட்சி என்று இக்கட்டுரையில் அதனை வழங்குகிறேன்.

ஒன்றனை இங்கே தெளிவுபடுத்துதல் நன்று. நம் மாணவர் பலர் இருவாட்சி என்றவுடன் சரவாக் மாநிலச் சின்னத்தில் காணும் பறவையை நினைப்பர். ‘பூமி கென்யாலாங்’ என்று சரவாக் சிறப்பிக்கப்படுவது காண்டாமிருக இருவாட்சியால் ஆகும். அதன் கொண்டை மேல்நோக்கி வளைந்து எழும், உள்ளே பெரும்பாலும் பொள்ளலானது, எடை குறைந்தது. தலைக்கவச இருவாட்சி வேறு. அதனைத் தன் மாநிலப் பறவையாகக் கொண்டிருப்பது எல்லைக்கு அப்பாலுள்ள இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் ஆகும்.

இப்பறவைக்கு மக்கள் இட்ட பெயர்களை ஒருங்கே வைத்து நோக்கினால் பெயரிட்டவர் அதனை எங்கிருந்து பார்த்தனர் என்பது விளங்கும். சீன வணிகர் கவசத்தின் சிவப்பைக் கண்டு, தம் நாட்டுச் செவ்வுச்சிக் கொக்கை நினைத்துக் ‘கொக்கின் உச்சி’ என்றனர். ஆங்கிலேயர் அதன் இழைப்பைக் கண்டு ‘இருவாட்சித் தந்தம்’ என்றனர். இந்தோனேசிய வழக்கிலுள்ள ‘எங்காங் காடிங்’, ‘ரங்கோங் காடிங்’ என்பனவற்றிலும் ‘காடிங்’ என்பது தந்தமே. உண்மையில் அது தந்தமும் அன்று. பல்லின் பொருளால் ஆனதே தந்தம். இக்கவசமோ நம் நகமும் மாட்டுக் கொம்பின் புறவுறையும் எதனால் ஆயினவோ அந்தக் கெராட்டினால் ஆனது. ஜோஹான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர் 1781இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது ‘விஜில்’ என்னும் இலத்தீனச் சொல்லைத் தேர்ந்தார். விழித்திருப்பது என்பது அதன் பொருள்.

இவை யாவும் ஒருபுறம் இருக்க, தீபகற்பத்து மலாய்க்காரர் இதனை ‘தெபாங் மெந்துவா’ என்பர். ‘மாமியாரை வெட்டு’ என்று அதனைத் தமிழாக்கலாம். ஒருவனுக்குத் தன் மாமியார் மீது தீராத வெறுப்பு. அவள் வீட்டினுள் இருக்கும்போதே அவ்வீட்டைத் தாங்கிநின்ற மரக்கால்களைக் கோடரியால் வெட்டினான், வீடு சரிந்தது, அவன் உரக்கச் சிரித்தான், அதற்குத் தண்டனையாகப் பறவையாக்கப்பட்டான் என்பது கதை. கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும், இக்கதை உண்மையில் ஒரு குரற்பதிவு. இப்பறவையின் கூவல் முதலில் விட்டுவிட்டு ஒலிக்கும் தனிக் கூவல்களாகத் தொடங்கும். கோடரி விழும் இடைவெளிபோல அவற்றிடையே நீண்ட இடைவெளி இருக்கும். பிறகு இடைவெளி குறையும், கூவல் இரட்டிக்கும், விரைவு கூடிக்கொண்டே போய் இறுதியில் வெறிச்சிரிப்பு போன்ற ஓசையாக வெடிக்கும். முழுக் கூவலும் சில நிமிடங்கள் நீள்வதுண்டு. இரண்டு கிலோமீட்டர் தொலைவிலும் அது கேட்கும். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் இவ்வொலி வரிசையைப் பிழையின்றி ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க இதனினும் சிறந்த வழி இருந்திருக்க இயலாது. மேற்கண்ட பெயர்களுள் உயிருள்ள பறவையின் செயலிலிருந்து எழுந்ததென நான் துணிந்து கூறக்கூடியது இது ஒன்றே.

தோற்றமும் வாழ்க்கையும்

தலைக்கவச இருவாட்சி ஆசியாவின் பெரிய இருவாட்சிகளுள் ஒன்று. அலகு முதல் வாலடி வரை ஏறத்தாழ 110 முதல் 120 சென்டிமீட்டர் நீளமுடையது. வாலின் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் அதற்கும் அப்பால் அரை மீட்டர் அளவு நீண்டு தொங்கும். ஆண் பறவை மூன்று கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த எடையுடையது. பெண் சற்றுக் குறைந்தது. உடல் கருமை, வயிறும் கால்மேற் சிறகும் வெண்மை, வெள்ளை வாலிறகு ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கரும்பட்டை. கழுத்தில் சிறகு இல்லை. சுருக்கம் விழுந்த அவ்வெற்றுத் தோல் ஆணில் செந்நிறமாகவும் பெண்ணில் வெளிறிய நீலப்பச்சையாகவும் இருக்கும். முதிய மனிதரின் கழுத்தை நினைவூட்டும் இத்தோற்றம் இதனை அழகிய பறவை என்று எளிதில் சொல்லவிடாது. பறக்கும்போது சிறகுகளுக்கிடையே காற்றுப் புகுந்து எழுப்பும் பேரோசையைக் கேட்டே காட்டில் நடப்போர் மேலே நோக்குவர்.

கவசத்துக்கு வருவோம். பிற இருவாட்சிகளின் கொண்டை உள்ளே பொள்ளலாக இருக்க, இதன் கவசத்தின் முன்பகுதி மட்டும் கட்டியான கெராட்டின் பாளமாக உள்ளது. தலையோடும் அலகும் கவசமும் சேர்ந்து பறவையின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். இவ்வளவு பளுவைச் சுமந்து பறக்கும் தேவை யாது? ஆண் பறவைகள் இரண்டு எதிரெதிர் மரங்களிலிருந்து பறந்து வந்து நடுவானில் தலையோடு தலை மோதுகின்றன. மோதும் ஓசை காட்டில் தெளிவாகக் கேட்கும். மோதிய வேகத்தில் பறவை பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடிப்பதும் உண்டு. மார்கரெட் கின்னேர்டும் உடன் ஆய்வாளரும் சுமத்திராவிலும் தாய்லாந்திலும் கண்ட இத்தகைய மோதல்களை 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மோதல்கள் பெரும்பாலும் கனி நிறைந்த அத்தி மரங்களின் அருகே நிகழ்ந்தன என்பது அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானது. உணவு மரத்துக்கான உரிமைப் போர் என்று அதனைக் கொள்ள இடமுண்டு. எவ்வாறாயினும், மனிதன் செதுக்குவதற்கேற்ற கட்டியான பொருளாகக் கண்டது பறவைக்கு மோதுகருவி என்பது தெளிவு.

நிறமும் அவ்வாறே. கவசத்தின் புறத்தே படர்ந்துள்ள சிவப்பு பிறவி நிறம் அன்று. வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் தலையைத் தேய்த்துப் பறவை தானே பூசிக்கொள்வது. உள்ளே பொன்மஞ்சள், வெளியே செம்மை என்னும் இவ்விரு நிறச் சேர்க்கையே சீனக் கைவினைஞரை ஈர்த்தது. சிவந்த மேலுறையை வேண்டிய இடத்தில் விட்டுவைத்து, மஞ்சள் பகுதியில் உருவங்களைச் செதுக்கினர். பறவை நாள்தோறும் செய்துகொண்ட ஒப்பனையே இவ்வாறு சரக்கின் தரமாயிற்று.

உணவு பெரும்பாலும் அத்திப்பழம். பெருமரங்களைச் சுற்றிப் படர்ந்து நெருக்கி வளரும் அத்தி வகைகள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளன; ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் காய்க்கும். எனவே ஓர் இணை வாழ்வதற்குப் பரந்த காடு வேண்டும். அணில், பாம்பு போன்ற சிற்றுயிர்களையும் பிடித்துண்ணும்; ஆயினும் அவை துணையுணவே.

இனப்பெருக்கமே இப்பறவையின் வரலாற்றைத் தீர்மானிப்பது. எனவே அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. வயது முதிர்ந்த மிகப்பெரிய மரத்திலுள்ள இயற்கைப் பொந்தே கூடு. அதிலும் எல்லாப் பொந்தும் ஆகாது. வாயிலருகே ஆண் வந்தமர்வதற்கு ஏற்ற மேடுபோன்ற புடைப்பு இருத்தல் வேண்டும். பெண் உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். ஏறத்தாழ ஐந்து மாதம் அது வெளியே வருவதில்லை. அக்காலம் முழுதும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் உணவு தருவது ஆண் ஒன்றே. இவ்வளவுக்குப் பின்னும் வளர்ந்து வெளிவருவது ஒரே குஞ்சு. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

இக்குடும்பத்துப் பறவைகளின் அடைபட்ட வாழ்வைப் பற்றி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் நூலில் ஒரு குறிப்பு உள்ளது. 1861ஆம் ஆண்டு இறுதியில் சுமத்திராவின் பலேம்பாங் உட்பகுதியில் அவர் தங்கியிருந்தபோது அவருடைய வேட்டையாட்கள் ஒரு பெரிய இருவாட்சியைச் சுட்டுக் கொணர்ந்தனர். அது வேறு வகை. பொந்தினுள் இருந்த பெண்ணுக்கு உணவூட்டிக்கொண்டிருந்த ஆண் அது. வாலஸ் அம்மரத்துக்குச் சென்று, அடைப்பை உடைத்துப் பெண்ணையும் சிறகு முளையாத குஞ்சையும் எடுக்கச் செய்தார். குஞ்சின் விந்தைத் தோற்றத்தை அவர் வியந்து எழுதுகிறார். ஆண் வீழ்ந்தபின் உள்ளிருந்தவை என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அவ்விடத்தில் அவருக்கு எழவில்லை. சேகரிப்பாளரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் பிற்காலத்தில் நிகழவிருந்ததன் கணக்கு முழுவதும் அந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. ஒரு குண்டு, மூன்று உயிர்.

அரண்மனைகளும் சந்தைகளும்

மிங் அரச மரபு சீனாவில் 1368இல் நிலைபெற்ற பின் தென்கடல் அரசுகளிடமிருந்து திறைப்பொருள் கேட்டுத் தூதர் சென்றனர். போர்னியோவின் போனி நாட்டிலிருந்து 1371இல் சென்ற திறையில் ‘கொக்கின் உச்சி’ இடம்பெற்றதை மிங் வரலாறு பதிவு செய்கிறது. கற்பூரம், ஆமையோடு, மயில் ஆகியன அதனுடன் சென்றவை. மலாக்கா அரசின் திறைப்பட்டியலிலும் அது உண்டு. மலாக்கா சுல்தானகத்தின் பெருமையை மிளகு, கிராம்பு, துணி ஆகியவற்றைக் கொண்டே எழுதிப் பழகிவிட்டோம். அவ்வரசு சீனப் பேரரசருக்கு அனுப்பிய பொருள்களுள் தன் பின்னிலக் காட்டுப் பறவையின் தலையும் ஒன்று என்பதற்குப் பாடநூல்களில் இடமில்லை.

செங் ஹோவின் கடற்பயணத்தில் 1413இல் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவான், பலேம்பாங் பற்றி எழுதுமிடத்து இப்பறவையை வருணிக்கிறார். வாத்தளவு பெரியது, கரிய சிறகு, நீண்ட கழுத்து, கூரிய அலகு என்கிறார். மண்டையெலும்பு ஓர் அங்குலத்துக்கு மேல் தடித்தது, வெளியே சிவப்பு, உள்ளே தேன்மெழுகு போன்ற மஞ்சள், கத்திப்பிடி முதலியன செய்ய ஏற்றது என்றும் சொல்கிறார். கவசத்தைப் பற்றிய பகுதி வியக்கத்தக்க துல்லியமுடையது. பறவையைப் பற்றிய பகுதியோ அவ்வாறில்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட பறவையை வாத்தளவு என்பதும், செந்நிற வெற்றுக் கழுத்தையும் நெடிய வாலையும் குறிப்பிடாமல் விடுவதும் நோக்கத்தக்கன. மா ஹுவான் கவசத்தைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பறவையைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

சீனாவில் இப்பொருள் அரைக்கச்சைக் கொளுவிகளாகவும் மூக்குப்பொடிச் சிமிழ்களாகவும் சிறு சிற்பங்களாகவும் உருப்பெற்றது. அமெரிக்கச் சீனவியலறிஞர் ஸ்கைலர் காமன் 1950ஐ ஒட்டி அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஜப்பானியக் கைவினைஞரும் இதனைப் பயன்படுத்தினர்.

காட்டின் பக்கமும் ஒரு பண்பாடு இருந்தது. போர்னியோவின் உட்பகுதியில் வாழும் கென்யா, கயான் மக்களிடையே தகுதி பெற்ற ஆண்கள் இக்கவசத்தில் செதுக்கிய காதணிகளை அணிந்தனர். நடுவாலிறகுகள் போர்வீரரின் தலையணியிலும் ஆடற்கோலத்திலும் இடம்பெற்றன. சார்ல்ஸ் ஹோஸும் வில்லியம் மெக்டூகலும் 1912இல் வெளியிட்ட நூல் இவற்றை விவரிக்கிறது. ஆகவே இப்பறவையை வேட்டையாடியவர் சீனச் சந்தைக்காக மட்டும் வேட்டையாடினர் என்பது பொருந்தாது. காட்டினுள் வாழ்ந்த பெனான் போன்றோர் ஊதுகுழலால் நச்சம்பு எய்து பறவையை வீழ்த்தினர். கவசம் ஆற்றோர மக்களிடம் கைமாறி, பிறகு கடற்கரைச் சீனக் கடைகளை அடைந்தது.

இவ்வணிகம் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தும் பறவை அழியாமல் இருந்தமைக்குக் காரணம் வேட்டையாடியவரின் அறவுணர்வு என்று கூறிவிட வேண்டா. ஊதுகுழல் அம்பின் எல்லை குறுகியது. இப்பறவையோ மரமுகட்டில் திரிவது. காட்டின் உட்பகுதிக்கு நடந்தே செல்லவேண்டும். வாங்கியவர் தொகை அரசவையினரும் செல்வருமாகச் சிறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் எட்டாத காடு எல்லையற்று விரிந்திருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் இணைகள் குறைந்தால் அடுத்த பள்ளத்தாக்கின் இளம்பறவைகள் வந்து நிரப்பின. ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்னும் மெதுவான பெருக்கம் இத்தகைய சூழலில் மட்டுமே போதுமானது.

காடு சுருங்கிய காலம்

அச்சூழல் படிப்படியாக மாறியது. சிங்கப்பூர்த் தீவின் காடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. தீபகற்பத்தின் மேற்குத் தாழ்நிலக் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டமாயிற்று. அத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோர். காட்டை அழித்துத் தோட்டம் கண்ட கடும் உழைப்பையும் காய்ச்சலையும் தோட்டப்புற இலக்கியம் பேசியிருக்கிறது. அக்காடு எத்தகையது, அதில் எவை வாழ்ந்தன என்பதைப் பற்றி அவ்விலக்கியம் பேசியது குறைவு. புலியும் பாம்பும் வரும், பிற வருவதில்லை. முடிவு அவர்கள் கையில் இருந்ததில்லையாகையால் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், நம் சமூக வரலாறும் இப்பறவையின் வரலாறும் ஒரே நிலத்தின் மீது நிகழ்ந்தவை என்பது மறக்கத்தக்கதன்று.

1970களிலும் 1980களிலும் வெட்டுமர ஏற்றுமதி மலையடிக் காடுகளுக்கும் போர்னியோவுக்கும் பரவியது. மெராந்தி முதலிய பெருமரங்களே முதலில் வெட்டப்பட்டன. பொந்து அமைவதற்கேற்ற முதுமரமும் வணிகர் விரும்பும் மரமும் பெரும்பாலும் ஒன்றே. வெட்டுமரப் பாதைகள் காட்டின் உட்பகுதியைத் துப்பாக்கிக்குத் திறந்துவிட்டன.

ஆயினும் இக்காலத்தில் கவச வணிகம் ஓய்ந்திருந்தது எனலாம். சீனப் பேரரசு 1912இல் முடிவுற்றது. பிறகு வந்த போர்களும் அரசியல் மாற்றங்களும் பழைய ஆடம்பரப் பொருள்களுக்கான தேவையைக் குறைத்தன. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தபோதே இப்பறவை அதன் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதாவது வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இந்நாட்டிலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. சரவாக்கின் 1998ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தீபகற்பத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை முழுப்பாதுகாப்பில் வைத்துள்ளன. காகிதத்தின் அளவில் குறை சொல்ல ஏதுமில்லை.

2012ஐ ஒட்டி நிலைமை தலைகீழாயிற்று. சீனாவில் வளர்ந்த புதிய செல்வர் வகுப்பினரிடையே பழைய கைவினைப் பொருள்களுக்கு மீண்டும் மதிப்பு ஏறியது; எடைக்கு எடை யானைத் தந்தத்தைவிடக் கூடிய விலைக்குக் கவசம் கள்ளச்சந்தையில் விற்றது. 2012 மார்ச் முதல் 2014 ஆகஸ்ட் வரை இந்தோனேசியாவிலும் சீனாவிலும் அதிகாரிகள் கைப்பற்றிய கவசங்கள் மட்டும் 2,170. மேற்குக் கலிமந்தானில் கள ஆய்வு செய்த யோக்யோக் ஹடிப்ரகார்சா, 2013இல் அம்மாநிலத்தில் மட்டும் மாதத்துக்கு ஏறத்தாழ 500 பறவைகள் கொல்லப்பட்டன என மதிப்பிட்டார். தன் சின்னமாக இப்பறவையை ஏற்றிருந்த மாநிலத்திலேயே இது நிகழ்ந்தது. 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை ‘அச்சுறுத்தலை நெருங்கியது’ என்னும் நிலையிலிருந்து ‘மிக அருகிய’ நிலைக்கு மாற்றியது. இடையிலுள்ள இரு படிகளை ஒரே பாய்ச்சலில் கடந்த மாற்றம் அது.

மேலே விவரித்த பழக்கங்களை இவ்வெண்களோடு வைத்துக் காண்போம். இரண்டு கிலோமீட்டர் கேட்கும் கூவல், பிற இணைகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துவதற்கானது; துப்பாக்கி ஏந்தியவனுக்கு அதுவே வழிகாட்டி. அத்தி காய்த்த மரத்துக்குப் பறவைகள் பல வந்து சேரும். மரத்தடியில் காத்திருப்பவன் அலைய வேண்டியதில்லை. கூட்டுக்கு ஆண் நாள்தோறும் ஒரே வழியில் வரும். அது வீழ்ந்தால் பெண்ணும் குஞ்சும் பொந்துக்குள்ளேயே பட்டினி கிடக்கும். எஞ்சியவை பெருகி இழப்பை ஈடுசெய்யவோ ஆண்டுக்கு ஒரு குஞ்சே உண்டு. முன்பு ஆளில்லாக் காட்டின் பரப்பு காத்துவந்த இப்பழக்கங்கள் யாவும், பரப்பு சுருங்கிய பின் பறவைக்கு எதிராகத் திரும்பிவிட்டன. பறவை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்தவை மாறின.

சிங்கப்பூரில் 1994இல் உபின் தீவில் ஓரிணை கீழைக் கறுப்பு வெள்ளை இருவாட்சி காணப்பட்டு, பின்னர்ச் செயற்கைக் கூடுகளின் துணையால் அவ்வினம் நகரப் பூங்காக்களுக்கும் திரும்பியுள்ளது. அதனைச் சுட்டித் தலைக்கவச இருவாட்சியும் அவ்வாறே மீளலாம் என்று கூறுவோர் உளர். இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்தாது. முன்னது சிறியது, பலவகை உணவுண்பது, காட்டோரத்திலும் தோப்பிலும் வாழப் பழகியது. பின்னதற்கு முதுமரமும் பரந்த காடும் இன்றியமையாதவை. இந்நாட்டில் அவ்விரண்டும் ஒருங்கே எஞ்சியுள்ள இடங்கள் சிலவே. பேராக்கின் பெலும்–தெமெங்கோர் காடு அவற்றுள் ஒன்று. மலேசியாவின் பத்து வகை இருவாட்சிகளும் அங்கு உள்ளன. அதன் வடபகுதி 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

2016இல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய மேற்சொன்ன உடன்படிக்கை நாடுகளின் மாநாடு இப்பறவைக்கெனத் தனித் தீர்மானம் இயற்றியது. 2017 மே மாதத்தில் சரவாக்கின் கூபா தேசியப் பூங்காவில் பல நாட்டு ஆய்வாளரும் அதிகாரிகளும் கூடிப் பத்தாண்டுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றனை வகுத்தனர். இவற்றினும் பழமையானதும், என் மதிப்பில் இவற்றினும் பயனுடையதுமான முயற்சியொன்று மலேசிய எல்லையை ஒட்டிய தென் தாய்லாந்தின் பூடோ மலைப்பகுதியில் நடந்துவருகிறது. மகிடோன் பல்கலைக்கழகத்துப் பிலாய் பூன்ஸ்வாட் அம்மையார் 1990களில் அங்குள்ள மலாய் முஸ்லிம் சிற்றூர்களுக்குச் சென்றார். முன்பு மரமேறி இருவாட்சிக் குஞ்சுகளைப் பிடித்து விற்றவர்களையே கூடுகளின் காவலராக்கினார். நகரத்தார் ஆளுக்கொரு கூட்டைத் தத்தெடுத்து அதற்கான செலவை ஏற்கின்றனர். காவலர் ஒவ்வொரு கூட்டுக்கும் தனிக்குறிப்பு எழுதுகின்றனர். பெண் எந்நாளில் உட்புகுந்து அடைத்துக்கொண்டது, ஆண் என்ன உணவு கொணர்ந்தது, குஞ்சு எந்நாளில் வெளிவந்தது என்பன அக்குறிப்பில் உள.